நினைவகச் சில்லுத் தட்டுப்பாடு: காணொலித் தொகுப்புக் கணினியை இப்போது மாற்றுவதா, காத்திருப்பதா?

திருமணப் படப்பிடிப்பு நிறுவனங்கள், யூடியூப் சேனல்கள், சிறு விளம்பரப்பட நிறுவனங்கள் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்யும் படத்தொகுப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திக்கும் கேள்வி இது. கையிலுள்ள கணினியை இப்போதே மேம்படுத்துவதா, அல்லது அடுத்த தலைமுறைச் சில்லுகள் வரும்வரை பொறுத்திருப்பதா? இதுவரை பெரும்பாலும் காத்திருந்தவர்களே பலன் அடைந்தனர். ஆறு மாதம் பொறுத்தால் அதே பணத்துக்குக் கூடுதல் வேகமோ, அதே வேகத்துக்குக் குறைந்த விலையோ கிடைத்துவிடும். 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அந்த வழக்கம் முறிந்துபோனது.

காரணம் பிராசசரும் அல்ல, கிராபிக்ஸ் அட்டையும் அல்ல. கணினி வாங்குவோர் வழக்கமாகக் கடைசியில் யோசிக்கும் 'ரேம்' எனப்படும் நினைவகமே இம்முறை ஒட்டுமொத்தக் கணக்கையும் மாற்றியுள்ளது.

உலகின் டிராம் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவைப்படும் எச்பிஎம் என்னும் உயர்வேக நினைவகத்தையும் இவையே தயாரிக்கின்றன. ஒரே அளவு நினைவகத்தை உருவாக்க, சாதாரண டிடிஆர்5 சில்லுக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடுகள் எச்பிஎம்முக்குத் தேவைப்படுவதாக மைக்ரான் நிறுவனமே கூறியுள்ளது. ஆகவே, எச்பிஎம்மாக உருவாகும் ஒவ்வொரு ஜிபிக்கும் சாதாரண நினைவகத்தில் ஏறத்தாழ மூன்று ஜிபி குறைகிறது.

2025 அக்டோபர் 1-ஆம் தேதி, ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது 'ஸ்டார்கேட்' திட்டத்துக்காக சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் நிறுவனங்களுடன் விருப்பக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டது. மாதத்துக்கு 9 லட்சம் டிராம் தகடுகள் என்னும் இலக்கு அப்போது முன்வைக்கப்பட்டது. டிசம்பர் 3-ஆம் தேதி, 29 ஆண்டுகளாக நுகர்வோர் சந்தையில் இருந்த 'குரூஷியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. தரவு மையங்களுக்கான தேவை பெருகியிருப்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அதே நாளில் அமெரிக்க டாலருக்கு எதிரான இந்திய ரூபாயின் மதிப்பு முதன்முறையாக 90-ஐத் தாண்டிச் சரிந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் டெல்லி நேரு பிளேஸிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிபாகம் வாங்குவோரின் பையிலிருந்து பணத்தை எடுப்பதில் இரண்டும் சேர்ந்தே செயல்படுகின்றன.

கணினிகள், நினைவகப் பட்டைகள் ஆகியவற்றுக்கு உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்கீழ் அடிப்படைச் சுங்க வரி இல்லை. எனவே சுங்க வரியைக் குறைத்து நிவாரணம் வழங்கும் வாய்ப்பு அரசிடம் இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே உள்ளது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய திரை வாங்க எண்ணியிருந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல். கணினியின் உள்பாகங்களுக்கு அந்த ஆறுதல் இல்லை.

எவ்வளவு காலம் காத்திருப்பது?

நினைவகத் தொழில் ஏற்ற இறக்கங்களுக்குப் பெயர்பெற்றது. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் உச்சத்தில் இருந்த விலை 2019-இல் வீழ்ந்தது. 2022-இன் பிற்பகுதியில் தேக்கம் ஏற்பட்டு, 2023 ஏப்ரலில் சாம்சங் நிறுவனமே உற்பத்தியைக் குறைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ஏறியது இறங்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. ஆனால் எப்போது இறங்கும் என்பதுதான் கேள்வி.

புதிய சில்லு ஆலை ஒன்றைக் கட்டி, கருவிகளை நிறுவி, உற்பத்தியைத் தொடங்க ஆண்டுகள் பிடிக்கும். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் மைக்ரான் கட்டிவரும் ஆலையிலிருந்து முதல் தகடுகள் 2027-ஆம் ஆண்டின் மத்தியில் வெளிவரும் என அந்நிறுவனம் கூறியுள்ளது. சாம்சங்கின் பியோங்டேக் ஐந்தாவது உற்பத்திக்கூடம் 2028-இல்தான் இயங்கத் தொடங்கும். குஜராத் மாநிலம் சானந்தில் மைக்ரான் அமைத்துள்ள ஆலையை நம்பி விலை குறையும் என எதிர்பார்ப்போரும் உள்ளனர். அது, வேறிடத்தில் தயாரான சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்பும் ஆலை. தகடுகளிலிருந்து சில்லுகளை உருவாக்கும் ஆலை அல்ல என்பதால் உலகளாவிய தட்டுப்பாட்டை அது தணிக்காது.

சந்தை ஆய்வு நிறுவனமான டிரெண்ட்ஃபோர்ஸ், 2026-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் சாதாரண டிராம் ஒப்பந்த விலைகள் முந்தைய காலாண்டைவிட 55 முதல் 60 சதவீதம் வரை உயரக்கூடும் என ஜனவரி தொடக்கத்தில் கணித்தது. ஒப்பந்த விலை என்பது பெரும் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விலை. பெரிய மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் முன்பே வாங்கிவைத்த கையிருப்பு தீரத் தீர, அந்த உயர்வு ஆயத்தக் கணினிகளின் விலையிலும் வந்து சேரும். தனி ரேம் பட்டை வாங்குவோர் அந்த உயர்வை முதலிலேயே சந்தித்துவிட்டனர்.

ஆக, 'ஒரு மூன்று மாதம் பார்ப்போம்' என்று காத்திருப்பதில் இம்முறை பொருளில்லை. காத்திருப்பதென்றால் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை பழைய கணினி தாக்குப்பிடிக்குமா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு முதலீடுகள் திடீரெனச் சுருங்கினால் விலை அதற்கு முன்பே சரியலாம். அதை எதிர்பார்த்துத் தொழில் நடத்துவது வேறு, அப்படி நடந்தால் மகிழ்வது வேறு.

அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பதன் கவர்ச்சியும் குறைந்துவிட்டது. இன்டெல் நிறுவனத்தின் 'நோவா லேக்' பிராசசர்கள் 2026-ஆம் ஆண்டின் இறுதியில் வரும் என அறிவிக்கப்பட்டுள்ளது. வந்தாலும் அதில் பொருத்தப்போவது இதே டிடிஆர்5 நினைவகம்தான். கிராபிக்ஸ் அட்டைகளைப் பொறுத்தவரை, 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடைபெற்ற சிஇஎஸ் கண்காட்சியில் மேசைக் கணினிகளுக்கான புதிய அட்டை எதையும் என்விடியா அறிமுகம் செய்யவில்லை. அட்டைகளில் பயன்படும் ஜிடிடிஆர்7 நினைவகமும் இதே மூன்று நிறுவனங்களிடமிருந்தே வருகிறது என்பதால், 16 ஜிபி நினைவகம் கொண்ட அட்டைகள் மலிவாகும் என எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

கணினி எங்கே திணறுகிறது?

முழுக் கணினியையும் மாற்றுவது குறித்த பேச்சு பெரும்பாலும் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. 'ரெண்டர் ஆக இரண்டு மணி நேரம் ஆகிறது' என்பதே வழக்கமான புகார். ஆனால் இறுதி ரெண்டர் என்பது கணினியின் நேரம். இரவில் தொடங்கிவிட்டு உறங்கப் போகலாம். டைம்லைனில் காட்சி விட்டுவிட்டு ஓடுவதும், ஒவ்வொரு வெட்டுக்கும் சில நொடிகள் காத்திருப்பதும், வண்ணத் திருத்தம் செய்யும்போது படம் உறைந்து நிற்பதும் மனிதரின் நேரம். பணம் கரைவது அங்கேதான்.

காட்சி திணறுவதற்கு மிகப் பரவலான காரணம் ஒன்று உண்டு. இன்றைய கேமராக்கள் கோப்பின் அளவைச் சிறிதாக்க எச்.264, எச்.265 ஆகிய முறைகளில் பதிவு செய்கின்றன. இவற்றில் ஒவ்வொரு சட்டகமும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. முந்தைய, பிந்தைய சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்பதே பெரும்பாலும் சேமிக்கப்படுகிறது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க, கணினி அதைச் சுற்றியுள்ள பல சட்டகங்களைக் கணக்கிட வேண்டியுள்ளது. இந்த வேலையைச் செய்வதற்கென்றே கிராபிக்ஸ் சில்லுகளில் தனி வன்பொருள் உண்டு. ஆனால் எல்லாச் சில்லுகளும் எல்லா வகைப் பதிவுகளையும் கையாள்வதில்லை.

சோனி ஏ7எஸ் III, ஏ7 IV, கேனான் ஆர்6, பேனசோனிக் ஜிஎச்5 போன்ற, திருமணப் படப்பிடிப்புகளில் சாதாரணமாகக் காணப்படும் கேமராக்கள் 4:2:2 எனப்படும் கூடுதல் வண்ணத் தகவலுடன் 10-பிட் பதிவு செய்ய வல்லவை. என்விடியாவின் 30, 40 வரிசை அட்டைகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், 4:2:2 பதிவை வன்பொருளில் விரித்துக் காட்டும் திறன் அவற்றில் இல்லை. 2025 ஜனவரியில் அறிமுகமான 50 வரிசையில்தான் அது சேர்க்கப்பட்டது. இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 வகை 4:2:2 பதிவுகளைக் கையாள்கிறது. ஆனால் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசரை வாங்கியவர்களுக்கு அந்த உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. விளையாட்டுக் கணினிக்குச் சரியான அந்தச் சிக்கனம், படத்தொகுப்புக்குப் பெரும் இழப்பாகிவிடுகிறது.

எனவே, ஒரு கணினி திணறும்போது முதலில் செய்ய வேண்டியது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலை ஒன்றைச் செய்துகொண்டே பார்ப்பதுதான். 'வீடியோ டிகோட்' வரைபடம் அசையாமல் கிடக்க, பிராசசர் 100 சதவீதத்தைத் தொட்டால் நோய் மேலே சொன்னதுதான். நினைவகம் நிரம்பி வழிந்து வன்வட்டு துடித்துக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை என்று பொருள். இரண்டும் இல்லாமல் வன்வட்டு மட்டுமே 100 சதவீதத்தில் இருந்தால், சுழலும் பழைய வன்வட்டிலிருந்து நேரடியாகத் தொகுப்பு நடக்கிறது. அதற்கு ஒரு எஸ்எஸ்டி போதும்.

வன்பொருள் திணறலுக்குச் செலவில்லாத மருந்து ஒன்று உள்ளது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ ஆகிய இரண்டிலும் 'ப்ராக்ஸி' வசதி உண்டு. மூலக் கோப்புகளை இரவோடு இரவாகச் சிறிய அளவிலான, சட்டகம் சட்டகமாகச் சேமிக்கும் கோப்புகளாக மாற்றிவைத்து, பகலில் அவற்றை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலக் கோப்புகளிலிருந்து வெளியீடு எடுக்கும் முறை இது. கூடுதல் சேமிப்பிடம் வேண்டும், ஒழுங்கும் வேண்டும். ஆனால் எட்டாண்டுப் பழைய கணினியிலும் 4கே காட்சிகளைத் தடையின்றித் தொகுக்க இது வழிசெய்கிறது. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் காலையில் சமூக ஊடகங்களுக்கான முன்னோட்டம் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இந்த முறை பயன்படாது. ப்ராக்ஸி உருவாக்கவே அந்த இரவு போய்விடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மாதம் 40,000 ரூபாய் ஈட்டும் ஒரு படத்தொகுப்பாளர் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 200 ரூபாய். திணறலால் நாளுக்கு 45 நிமிடம் வீணாவதாக வைத்துக்கொண்டால் மாத இழப்பு 3,750 ரூபாய். 15,000 ரூபாய்க்கு ஒரே ஒரு பாகத்தை மாற்றி அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்க முடிந்தால், ஆறு மாதத்தில் செலவு திரும்பிவிடும். 1,50,000 ரூபாய்க்குப் புதிய கணினி வாங்கி முழு இழப்பையும் தவிர்த்தாலும் செலவு திரும்ப 40 மாதம் ஆகும். மணிக்கு 1,000 ரூபாய் வாங்கும் தொகுப்பாளருக்கு அதே புதிய கணினி எட்டு மாதத்தில் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். ஒரே கணினி ஒருவருக்கு ஆடம்பரமாகவும் இன்னொருவருக்கு அவசியமாகவும் இருப்பது இப்படித்தான். சந்தை விலை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை.

வரியையும் இதில் சேர்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் 1,50,000 ரூபாய்க்கு வாங்கும் கணினியில் ஏறத்தாழ 22,900 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். ரசீதில் தனது ஜிஎஸ்டி எண் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழிருந்து பதிவு பெறாதவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வருமான வரியில் கணினிகளுக்கான தேய்மானம் 40 சதவீதம். எனினும் நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதியே கிடைக்கும். அதாவது, 'மார்ச் 31-க்குள் வாங்கினால் வரி மிச்சம்' என்ற கடைக்காரர்களின் வாதம் பாதி மட்டுமே உண்மை. அனுமான அடிப்படையிலான வரித் திட்டத்தில் கணக்குக் காட்டுவோருக்கு அந்தப் பாதியும் இல்லை. அவர்களது வருமானக் கணிப்பில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது.

யார் எதைச் செய்யலாம்?

ஏற்கெனவே 32 ஜிபி ரேம் உள்ள கணினி வைத்திருப்பவர் இன்றைய சூழலில் அதிர்ஷ்டசாலி. அவர் நினைவகத்தைத் தொடாமல், திணறல் 4:2:2 பதிவுகளால் என்றால் என்விடியா 50 வரிசையில் 16 ஜிபி நினைவகம் கொண்ட 5060 டிஐ போன்ற அட்டை ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வது நியாயமான செலவு. அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கப்படுகிறது. வண்ணத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் செய்வோருக்கு அது விரைவில் போதாமல் போகும்.

16 ஜிபி வைத்திருப்பவருக்கு நிலைமை கடினம். 4கே மற்றும் அதற்கு மேற்பட்ட காட்சிகளுக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று அடோபி நிறுவனமே பரிந்துரைக்கிறது. டிடிஆர்4 மதர்போர்டு என்றால் அதிலேயே இன்னும் 16 ஜிபி சேர்ப்பது, புதிய டிடிஆர்5 கணினிக்குத் தாவுவதைவிட மலிவு. டிடிஆர்4 விலையும் உயர்ந்துள்ளது. எனினும் மதர்போர்டு, பிராசசர், ரேம் என மூன்றையும் ஒருசேர மாற்றும் செலவு இதில் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்போர், பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5000 வரிசையின் 8 அல்லது 12 கோர் பிராசசரை அதே பலகையில் பொருத்தி இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கடத்தலாம். பழைய தொழில்நுட்பத்தில் பணம் போடுவது வீண் என்ற அறிவுரை சாதாரண காலங்களுக்குப் பொருந்தும். இது அந்தக் காலம் அல்ல.

புதிதாகவே வாங்கியாக வேண்டியவர்கள், 'பிற்காலத்துக்கும் ஆகட்டும்' என 64 ஜிபி அல்லது 128 ஜிபி வாங்குவதைத் தவிர்க்கலாம். விலை உச்சத்தில் இருக்கும்போது எதிர்காலத்துக்கான ரேமை வாங்கிவைப்பது, பஞ்சகாலத்தில் விதைநெல்லை மொத்தமாக வாங்கிச் சேமிப்பதைப் போன்றது. இரண்டு 16 ஜிபி பட்டைகளுடன் தொடங்குவது போதுமானது. ஆனால் டிடிஆர்5 கணினிகளில் பின்னர் மேலும் இரண்டு பட்டைகளைச் சேர்த்து நான்காக்கினால் நினைவகத்தின் வேகம் குறைந்துவிடும் என்பதையும், அப்போது பழையவற்றை விற்றுவிட்டுப் பெரிய பட்டைகளாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆப்பிள் கணினிகளின் இடமும் இதில் மாறியுள்ளது. எம்4 சில்லுடன் கூடிய மேக் மினி 2024-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பகம் கொண்ட அடிப்படை வகையின் விலை 59,900 ரூபாய். நினைவகத்தை 24 ஜிபியாக உயர்த்தக் கூடுதலாக 20,000 ரூபாய் கேட்டதற்காக அந்நிறுவனம் விமர்சிக்கப்பட்டது. இன்றைய ரேம் விலையோடு ஒப்பிட்டால் அந்த விமர்சனத்தின் கூர்மை மழுங்கிவிட்டது. வெளிப்புற எஸ்எஸ்டி இணைத்து யூடியூப் காணொலிகளைத் தொகுப்போருக்கு அது இன்றும் வலுவான தேர்வு. வாங்கிய பின் நினைவகத்தைச் சேர்க்க வழியே இல்லை என்பதால், எவ்வளவு வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

காத்திருக்க முடியாத ஒரு பிரிவினரும் உள்ளனர். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் 7-ஆம் தலைமுறை அல்லது அதற்கு முந்தைய பிராசசர் கொண்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. வாடிக்கையாளரின் குடும்பக் காட்சிகளும், வங்கிக் கணக்கும், யூடியூப் சேனலின் கடவுச்சொல்லும் ஒரே கணினியில் இருக்கும் தொழிலில், அந்தத் தேதிக்குப் பின் பழைய இயங்குதளத்தை இணையத்தில் இணைத்து வைத்திருப்பது ஆபத்தானது. இவர்களால் 2027-ஐ எதிர்பார்த்துப் பொறுத்திருக்க இயலாது. வரும் திருமணப் பருவ வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அக்டோபருக்கு முன் மாறுவதே நடைமுறை வழி.

தட்டுப்பாடு நிலவும் சந்தையில் பழைய பட்டைகளைப் புதிய உறையில் இட்டு விற்பது புதிதல்ல. விலை வழக்கத்தைவிட வெகுவாகக் குறைவாக இருந்தால், ரசீதும் வரிசை எண்ணும் பொருந்துகின்றனவா எனச் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். குரூஷியல் பட்டைகளைப் பொறுத்தவரை, நுகர்வோர் வழிகளுக்கான விநியோகம் 2026 பிப்ரவரி இறுதி வரை தொடரும் என்றும், ஏற்கெனவே விற்ற பொருள்களுக்கான உத்தரவாத சேவை அதன் பிறகும் நீடிக்கும் என்றும் மைக்ரான் தெரிவித்துள்ளது. கடைகளில் எஞ்சியுள்ள அந்தப் பட்டைகளை வாங்குவோர், உத்தரவாதம் கோர ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம்.